என் பெயரை முன்மொழிந்தவர்

மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஊர்க்கூட்டம். ஊர்ச் சாலைகளைப் பார்த்துக்கொள்கிற ரோடு கமிஷனரை வருஷா வருஷம் அங்கேதான் தேர்ந்தெடுப்போம். வெண்டல் ப்ரூட் பதினாறு வருஷமாக அந்தப் பதவியை விடவில்லை. அவருக்குக் கீழே பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிறவள் நான்.

ஒவ்வொரு வருஷமும் என் பெயரை முன்மொழிவதே வெண்டல்தான். "நம்ம மார்லாவுக்கும் ஒரு வாய்ப்பு குடுக்கணும்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்வார். நான் எழுந்து "வேண்டாங்க" என்று முனகிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உடனே அவர் மச்சான் ஐக் எழுந்து வெண்டல் பெயரைச் சொல்வான். எல்லோரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஆனால் எண்பது பேர் திரும்பிப் பார்த்தால் தொண்டை அடைத்துவிடும். பனிக்கட்டி மூடிய சரிவில் அத்தனை பெரிய வண்டியை இறக்குகிறவளுக்கு, எழுந்து நின்று நாலு வார்த்தை பேசத் துப்பில்லை. என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. அந்த ஆளுக்கு இது தெரியும். தெரிந்துதான் என் பெயரைச் சொல்கிறார். பயம் என்னுடையது, நல்ல பெயர் அவருக்கு.

இந்த ஜனவரியில் பள்ளிக்கூட மேட்டில் வண்டி சறுக்காமலிருக்க மணல் போட வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "பாப்பா, நீ வண்டிய ஓட்டு. யோசிக்கறத நான் பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் காலை பள்ளி பஸ் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. ஐக்கின் மகளுக்குக் கை முறிந்தது. "பனியோட குத்தம், யார என்ன சொல்றது" என்று வெண்டல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஐக்கும் நம்பினான். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷமும் வெண்டல் எழுந்து என் பெயரைச் சொன்னார். கூட்டத்தை நடத்தும் ஹாரியட் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மார்லா எப்பவும் போல வேண்டாம்னுதான் சொல்லுவா. ஐக், நீ எந்திரி" என்றாள். ஹாலே சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்பது பேரும் பார்த்துத் தொலையட்டும் என்று எழுந்தேன்.

"நான் இன்னும் பதிலே சொல்லல, ஹாரியட்." குரல் கீச்சென்று வந்தது. "இந்த வேலைக்கு நான் ஒத்துக்கறேன். அந்த மேட்டுல மணல் போடணும்னு சொன்னது நான். வேண்டாம்னது இவரு. ஐக், உன் பொண்ணு கை ஒடஞ்சது பனியால இல்ல. இத்தன நாளா நான் ஊமையா இருந்தது என் தப்பு."

பாதி எழுந்திருந்த ஐக் தன் அக்காள் புருஷன் வெண்டலையே பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

வேறு பெயர் உண்டா என்று மூன்று முறை கேட்க வேண்டும்; மூன்றுக்கும் வராவிட்டால் சொன்ன பெயருக்கே பதவி. ஹாரியட் ஒரு முறை கேட்டாள். இரண்டாம் முறை கேட்டாள்.

வெண்டல் தன் பெயரைத் தானே சொல்லலாம், தடையில்லை. எழுந்து நின்றால் போதும். எண்பது பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் தொண்டையில் என்ன நடக்கிறது என்று அந்த ஹாலில் என்னைவிட யாருக்கும் தெரியாது. எனக்குத் துளிக்கூடப் பரிதாபம் வரவில்லை.

"மூணாவது தடவ கேளு, ஹாரியட்" என்றேன்.