முதுகு காட்டும் காட்சி

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு அழுகாச்சி அக்கா என்று பெயர். திரையில் நடிகைகள் வாயை அசைக்க, கண்ணாடி அறைக்குள் நின்று அவர்களுக்காகப் பேசுவது தொழில். பேசுவது என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் அழுகைதான். மாமியாரிடம் திட்டு வாங்கும் மருமகளுக்காகக் காலையில் அழுவாள். வேறொரு தொடரில் மருமகளிடம் திட்டு வாங்கும் மாமியாருக்காக மாலையில் அழுவாள். இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்துவிட்டுப் பேருந்து பிடித்து வீட்டுக்கு வருவாள்.

வீட்டில் பேச ஆள் இல்லை. கணவர் இருந்த காலத்திலும் பேசியவர் அவர்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி கூப்பிடுவான்.

"என்னக்கா, நல்லாயிருக்கியா? நல்லாத்தான் இருப்ப, உனக்கென்ன. மாத்திரை போட்டியா? போட்டிருப்ப. சரி, வெச்சிடட்டா?"

கேள்வி, பதில் இரண்டையும் அவனே பார்த்துக்கொள்வதால் அவளுக்கு மிச்சம் ஒரு "ம்" மட்டுமே. காலையில் கிளம்பும்போது கதவைப் பூட்டிவிட்டு, "போயிட்டு வரேன்" என்று பூட்டிடம் சொல்லும் பழக்கம் எப்போது வந்தது என்று அவளுக்கே நினைவில்லை. பூட்டு இதுவரை எங்கே என்று கேட்டதில்லை.

குரலுக்கு வயதாகிவிட்டது என்று கூடத்தில் பேச்சு அடிபடத் தொடங்கியிருந்தது. வாய்ப்பும் குறைந்துகொண்டே வந்தது. அப்படி இருக்கும்போதுதான் ஓர் இயக்குநர் கூப்பிட்டார். கதாநாயகிக்குக் குரல், அதுவும் முழுப் படத்துக்கும்.

இயக்குநர் சாதாரணப்பட்டவர் அல்ல. அவருடைய முந்தைய படங்களில் கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் ஒன்று வைப்பான். அந்தக் கணமே அவளுக்குக் காதல் வரும். அந்த அறைகளுக்கெல்லாம் "ஆ" சொன்னது அழுகாச்சி அக்காதான். அப்புறம் ஒரு விருது விழாவில் கைதட்டல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இயக்குநர் காதால் கேட்டார். அன்றிலிருந்து அவர் பெண்களின் பக்கம்.

"வசனத் தாள் எங்க தம்பி?" என்று இயக்குநரிடம் கேட்டாள் கண்ணாடி அறைக்குள் போனதும்.

"வசனமே இல்லக்கா. படம் முழுக்க அவ பேசவே மாட்டா. அவளோட மௌனம் பேசும்."

"அப்ப நான் எதுக்கு?"

"மூச்சு வேணுமே. பெருமூச்சு, விசும்பல், ஒரு சின்ன முனகல். இது ஒரு பெண்ணோட வலியைப் பத்தின படம்க்கா."

"அந்த வலியை யாரு சொல்றா?"

"புருஷன் சொல்றான், மாமனார் சொல்றாரு, வக்கீல் சொல்றாரு. கடைசியில ஒரு கவிஞர் வர்றாரு."

வேலை தொடங்கியது. கதாநாயகி ஜன்னலோரம் நின்றாள். அக்கா பெருமூச்சு விட்டாள். கதாநாயகி துணி மடித்தாள். அதற்கும் ஒரு பெருமூச்சு.

"இதுல ஆயிரம் வருஷத்து அடிமைத்தனம் தெரியணும்க்கா," என்றார் இயக்குநர்.

இன்னொன்று விட்டாள்.

ஒலிப்பதிவாளரைக் கூடத்தில் காது என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்துத் தெருவில் மின்விசிறி ஓடினாலும் பதிவை நிறுத்திவிடுகிற ஆள். அவர் பொத்தானை அமுக்கிக்கொண்டே, "எனக்கு எழுநூறு வருஷம்தான் சார் கேக்குது," என்றார்.

"சரி, இன்னொரு தடவை போலாம்."

கேலியென்று இயக்குநருக்கு விளங்கவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பதிவு கெடும், அடக்கிக்கொண்டாள்.

இடைவேளையில் தேநீர்க் கோப்பையுடன் இயக்குநர் பக்கத்தில் போய் நின்றாள். இதுதான் கடைசிப் படமாக இருக்கும் என்று அவளுக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. இத்தனை காலம் அடுத்தவர் எழுதியதை அழுதாயிற்று. மூச்சோடு முடிந்து போவதில் அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

"தம்பி, ஒரே ஒரு வரி குடுங்களேன். எங்கேயாவது ஒரு மூலையில."

"வாயைத் திறந்தா கேரக்டர் செத்துடும்க்கா," என்றார் அவர், பரிவோடு.

கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். வாசலில், நமக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறாள். கணவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அவள் நிற்கிறாள், நிற்கிறாள், பிறகு படி இறங்குகிறாள்.

முதுகு காட்டும் காட்சி என்றால் குரல் கொடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். வாய் தெரியாது, உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டிய தலைவலி இல்லை. எடுக்க மறந்த வசனம், கதையில் விழுந்த ஓட்டை எல்லாவற்றையும் யாராவது ஒருத்தர் முதுகில்தான் ஏற்றி அடைப்பார்கள். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் முதுகாகத்தான் இருக்கும்.

இயக்குநர் நடைவழியில் தொலைபேசியில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். பெண்களின் குரல் ஏன் ஒலிக்க வேண்டும் என்று அவர் குரல் கதவைத் தாண்டி ஒலித்தது.

"ஓட விடுப்பா," என்றாள் அக்கா.

காது ஓட விட்டார். வாசல், முதுகு. அக்கா மூச்சை இழுத்தாள்.

"போறேன். எங்கேன்னு யாராவது கேளுங்க."

அழுகாச்சிக் குரல் இல்லை. தினமும் பூட்டிடம் பேசுகிற குரல். காது தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார்.

உள்ளே வந்த இயக்குநருக்கு அதைப் போட்டுக் காட்டினார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு எழுதினது?"

"யாரும் எழுதல தம்பி. வந்துச்சு."

"பிரமாதம்க்கா. நான் வாக்கு குடுக்கிறேன், இது படத்துல வருது." கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பூட்டிடம்தான் முதலில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம், "படத்துல ஒரு வரி பேசியிருக்கேன்டா," என்றாள்.

"நீ பேசுறது என்ன புதுசா? அதான உன் தொழிலே. சரி, வெச்சிடட்டா?"

படம் வெளியானதும் மதியக் காட்சிக்குத் தனியாகப் போனாள். இருப்பதில் நல்ல சேலையாக உடுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் அலுவலகத்திலிருந்து அப்படியே வந்தவள் போல ஒரு பெண், மடியில் கைப்பை, காலடியில் குடை. அவளும் தனிதான்.

திரையில் புருஷன் பேசினான், மாமனார் பேசினார், வக்கீல் பேசினார். கவிஞர் வந்து நெடுநேரம் பேசினார். அக்கா தன் பெருமூச்சுகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். எழுநூறு வருஷத்தைத்தான் வைத்திருந்தார்கள்.

வாசல் வந்தது. முதுகு வந்தது. அவள் இருக்கையின் நுனிக்கு வந்தாள். மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் மூச்சேதான்.

காட்சி மாறியது. கணவனின் முகம், திரை கொள்ளாமல். ஒரு சொட்டுக் கண்ணீர்.

"எங்க போறன்னு நான் அவளை ஒரு நாளும் கேட்டதில்ல," என்றான் அவன்.

அரங்கம் கைதட்டியது. யாரோ விசில்கூட அடித்தார்கள். இயக்குநர் வாக்குத் தவறவில்லை. வரி படத்தில் வந்துவிட்டது. வாய்தான் வேறு. காது தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறார் போல; மூச்சை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்.

அவள் மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டாள். கைதட்டல் ஓய்ந்தது. திரையில் கணவன் இன்னும் தன் அறியாமையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்து இருக்கைப் பெண் அவள் பக்கம் குனிந்தாள்.

"ஏங்க, மூச்செல்லாம் இழுத்தாளே, ஏதோ சொல்ல வந்த மாதிரி? சொல்லவே இல்லையே. எங்கங்க போறா இவ?"

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். கேள்விக்கு ஏங்கியவள் பதிலைத் தயாராக வைத்திருக்கவில்லை. மூச்சை இழுத்தாள்.

முன் வரிசைக்காரர் திரும்பி, "கொஞ்சம் பேசாம இருங்கம்மா. முக்கியமான சீனு," என்றார்.

ஆனால் மூச்சை இழுத்தாகிவிட்டது. இங்கே வெட்டுவதற்கும் ஆள் இல்லை.

"எங்கேயும் போகலம்மா," என்றாள். "யாராவது கேப்பாங்களான்னுதான் அவ்வளவு நேரம் வாசல்ல நிக்கிறா."