பட்டியலில் ஓட்டியவன்

கார் ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டால், அதன் வயிற்றுக்குள்ளிருந்து புது வண்டிகளை ஒவ்வொன்றாக ஓட்டி இறக்குகிற கூட்டத்தில் பஞ்சுக்கைதான் மூத்த ஆள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அதனால் வந்த பெயர் அது. எத்தனை ஆயிரம் கார் ஓட்டி என்ன, எல்லாமே கப்பலிலிருந்து வண்டிகளை நிறுத்தி வைக்கிற யார்டு வரை அரை கிலோமீட்டர்தான். இறக்கிவிட்டு ஓட்டை வேனில் ஏறி அடுத்த காருக்குத் திரும்ப வேண்டும். வீட்டுக்குப் போவது பஸ்ஸில்.

அந்த மனுஷன் ஒருவழியாகச் சொந்தமாக ஒரு நீலக் காருக்குப் பதிவு செய்தார். ஆறு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். நாலு மாதம் ஆகியும் வந்தபாடில்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்று செல்போனில் ஒரு புள்ளி காட்டும். அவர் மனைவி பல் விளக்குவதற்கு முன்பே அதைத்தான் பார்ப்பாள்.

"நேத்து நின்ன எடத்துலயே நிக்குதுங்க. நங்கூரத்தப் போட்டுட்டு எல்லாரும் தூங்கிட்டானுங்களா?"

"என்ன, காரு நீந்தியா வருது?" என்று அவளுடைய அண்ணன் கேட்ட நாளிலிருந்து அவள் பிறந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

பஞ்சுக்கைக்கு ஒரே ஆசைதான். ஊரான் வண்டியையெல்லாம் ஓட்டி இறக்கிய கை, தன் வண்டியையும் இறக்க வேண்டும். ஆனால் சொந்த வண்டியைத் தொடக்கூடாது என்பது துறைமுகச் சட்டம். மேஸ்திரியிடம் ஒரு வாரம் கெஞ்சினார். மேஸ்திரி தலையைச் சொறிந்துவிட்டு, "எந்த வண்டிய யார் ஓட்டறாங்கற பட்டியல்ல நெட்டை பேரப் போட்டுடறேன். ஓட்டிக்கோ. வெளிய மூச்சு விடாத" என்றார்.

நெட்டை ஒப்பந்த ஆள். ஆறு வருஷம் இழுத்தடித்து, அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். "பேருதானே கேக்குறீங்க? எடுத்துக்குங்கண்ணே" என்று சிரித்தான்.

கப்பல் வந்தது. உள்ளே ஐந்தாம் தளத்தில் கார்கள் ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி நின்றன. உடம்பை ஒடுக்கி, பக்கவாட்டில் நுழைந்துதான் கதவைத் திறக்க முடியும். அதற்காகத்தான் அந்த வேலைக்காரர்களுக்குப் பொத்தான் வெளியே தெரியாத முழு அங்கி. மோதிரம், கடிகாரம், பெல்ட் எல்லாம் கழற்றி வைத்துவிட வேண்டும். புது ஆட்களுக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்பவரே பஞ்சுக்கைதான்.

ஆனால் அன்றைக்கு அவர் கூலிக்காரர் இல்லையே, சொந்தக்காரராயிற்றே! மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையை அங்கிக்குள் போட்டு வந்திருந்தார். வண்டிக்குள் உட்கார்ந்தபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் மச்சான் வாயை அடைக்கலாம். அங்கியைக் கழற்றி, படம் எடுக்கச் செல்போனோடு நெட்டையிடம் கொடுத்தார். சட்டையை உள்ளே சொருகி, பெல்ட்டை இறுக்கினார். பிறகு இரண்டு கார்களுக்கு நடுவே நுழைந்தார்.

கர்ரென்று ஒரு சத்தம். பெல்ட் பக்கிள் நீலக் காரின் கதவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கிழித்திருந்தது.

நெட்டை செல்போனைக் கீழே இறக்கினான். "அண்ணே..." என்றான். நாலு மாதம் காத்துக் கிடந்த அந்த அரை கிலோமீட்டரில் பஞ்சுக்கை எதையும் பார்க்கவில்லை.

யார்டில் சோதனை செய்கிறவன் கதவில் மஞ்சள் சீட்டு ஒட்டினான். பட்டியலைப் பார்த்தான். நெட்டையின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டான்.

மேஸ்திரி பஞ்சுக்கையைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "வாயத் தொறந்தீனா நீயும் போவ, நானும் போவேன். அவன் ஒப்பந்தக்காரன். எங்க போனாலும் பொழச்சுக்குவான்."

நெட்டை அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாளைக்கு அண்ணனே போய்ச் சொல்லிவிடுவார் என்று நம்பினான். பஞ்சுக்கையும் அப்படித்தான் நினைத்தார். பார்க்கப்போனால், நாளை என்பது ரொம்ப வசதியான நாள்.

மறுநாள் கார் விற்பனை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அவரை ஒரு வாடிக்கையாளராக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். துறைமுகத்துல ஒரு ஓட்டுநர் கவனக்குறைவா இருந்துட்டாராம். புதுக் கதவே போட்டுத் தர்றோம். உங்க புகார் மட்டும் எங்களுக்கு வேணும். இங்க ஒரு கையெழுத்து."

தாளில் நெட்டையின் முழுப்பெயர் அச்சாகியிருந்தது. நான்தான் என்ற ஒரு வார்த்தை பஞ்சுக்கையின் தொண்டை வரை வந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி நீலக் காரின் கூரையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் பேனாவை எடுத்தார். எல்லாரையும் போல அவரும் கையெழுத்துப் போட்டார். வெட்கங்கெட்ட அந்தக் கை நடுங்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் அவர் புதுக் காரில் வேலைக்குப் போனார். வாசலில் நெட்டை அடையாள அட்டையைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தான். பஞ்சுக்கை கண்ணாடியை இறக்கினார்.

நெட்டை குனிந்து உள்ளே பார்த்தான். புகார்த் தாளை அவனுக்கும் காட்டியிருந்தார்கள்.

"இந்த வண்டிய நான்தான் ஓட்டினேன்னு எழுதியிருக்காங்கண்ணே," என்றான். "எப்படி ஓடுதுன்னாவது சொல்லுங்க."

"நல்லா ஓடுதுப்பா," என்றார் பஞ்சுக்கை.