சீழ்க்கை அடங்கிய பெட்டி

கரண்ட் இருக்கும்போதே மெயினை நிறுத்திவிட்டு அப்பா தறியில் உட்காருகிறார் என்று அம்மா கமலவேணி போனில் சொன்னபோது, துர்காதேவி ஒரகடத்தில் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி பண்ண பெட்டியப் போட்டுக்கினு அந்த வெளிச்சத்துலதாம்மா நெய்யறாரு. கொஞ்ச நேரத்துல பேட்டரி இறங்கிடுது. உடனே எழுந்துடறாரு. முகூர்த்தச் சேலை, பாதியில நிக்குது."

துர்கா லீவு போட்டுவிட்டுப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தாள்.

தம்பி விக்னேஷ் போன கார்த்திகையில் தென்னேரி ஏரி நிரம்பி வழிகிறது என்று கூட்டாளிகளோடு பார்க்கப் போனவன். மறுநாள்தான் உடம்பு கிடைத்தது. அந்தப் பெட்டியை அவன் செய்தது அதற்குச் சில மாதம் முன்பு. தறிக்கு மேலே மாட்டியிருந்த எல்இடி பட்டைக்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டும். வீட்டிலிருந்த பேட்டரியோ பன்னிரண்டு. பன்னிரண்டை இருபத்துநாலாக ஏற்ற, கம்பி சுற்றிய ஒரு காயில், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு டயோடு என்று கிடைத்ததை வைத்து, பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் அடைத்திருந்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே துர்காவுக்கு அது கேட்டது. மெல்லிய சீழ்க்கை. கீழே ஆரம்பித்து மேலே ஏறி, அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே விக்னேஷ் அடிப்பது அப்படித்தான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் காயில்தான் கத்துகிறது என்று அவளுக்குத் தெரியும். கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிப்பதுதான் அவள் வேலை. எத்தனையோ காயில்கள் கத்திக் கேட்டிருக்கிறாள். தெரிந்தும் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே தறிக்குழியில் அப்பா வீரபாகு, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் கொஞ்சம் இறங்கியது. அவர் உதட்டைக் குவித்து மெதுவாகப் பதில் சீழ்க்கை அடித்தார். அப்பா சீழ்க்கை அடித்து அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

அப்பாவைத் தொட முடியாது, பெட்டியைத் தொடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பேட்டரி சீக்கிரம் தீர்வதால்தானே சேலை நிற்கிறது?

மறுநாள் அப்பா ஜரிகை வாங்கப் போனதும் பெட்டியைத் திறந்தாள். மீட்டரை வைத்துப் பார்த்தால், பேட்டரி கொடுப்பதில் நூற்றுக்கு அறுபதுதான் விளக்குக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சமெல்லாம் சூடு. காயிலில் கம்பி மெலிசு; டயோடு, சாதாரண கரண்டுக்குப் போடுகிற மந்தமான டயோடு. டிரான்சிஸ்டர் கரண்டை விட்டு விட்டு அனுப்புகிற துடிப்பின் வேகமும் குறைச்சல். ஒவ்வொரு துடிப்பும் நீண்டுபோய், காயில் தாங்குகிற அளவைத் தாண்டிக் கரண்ட் ஏறி வீணாகிக்கொண்டிருந்தது.

காயிலை விக்னேஷ் பசை உருக்கி ஒட்டியிருந்தான். அந்தப் பசையில் அவன் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது, சுழி சுழியாக. சூட்டோடு அழுத்திப் பிடித்திருக்கிறான். துர்கா ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்க்ரூடிரைவரை உள்ளே கொடுத்து நெம்பினாள்.

பெரிய ஃபெரைட் வளையத்தில் தடிமனான கம்பி சுற்றிப் புதுக் காயில் போட்டாள். வேகமான டயோடு வைத்தாள். துடிப்பைப் பல மடங்கு கூட்டினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. டிபன் பாக்ஸ் தொட்டால் ஜில்லென்று இருந்தது. மீட்டர் கணக்கு எண்பத்தெட்டுக்கு வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம்தான் வீடு எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று கவனித்தாள்.

கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்த அம்மா வந்து, எரிகிற விளக்கைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"பெட்டியிலயா எரியுது?"

"ஆமாம்மா."

"சத்தம்?"

"இனிமே வராதுமா."

அம்மா மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். "அது கத்தறப்பல்லாம் அவன் வந்துட்டான்னு தாழ்ப்பாளத் தொறக்க ஓடிடுவேன்மா. தெரு வெறிச்சுன்னு இருக்கும். அதுக்குத்தான் உங்கப்பா பெட்டியப் போட்டா நான் கோயிலுக்குப் போயிடறது." அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு, பாயைப் போட்டுத் தூங்கினாள்.

அப்பா வந்தார். வழக்கம்போல மெயினை நிறுத்தினார். பெட்டியைப் போட்டார். விளக்கு எரிந்தது. தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"என்னாச்சு இதுக்கு?"

"நல்லாக்கிட்டேம்பா. முன்ன பாதிக்குக் கிட்ட சூடாவே போயிட்டிருந்துச்சு. இப்ப ரொம்ப நேரம் வரும்."

"நல்லாருக்குதுமா," என்றார். நாடாவைக் கையில் எடுத்தார். ஓட்டவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் தறிப் பக்கமே வரவில்லை. கண் கூசுகிறது என்றார், இடுப்பு வலி என்றார். துர்காவுக்குத் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் பழைய காயிலைத் தேடி எடுத்து, சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணினாள். அப்பா வந்து பக்கத்தில் குந்தினார்.

"எதுக்குமா அது?"

"பழையபடி ஆக்கிடறேம்பா. சத்தம் வரும்."

அவர் ரேகை பதிந்த பசைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேணாம்மா," என்றார். உள்ளறையைக் காட்டினார். அம்மா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். "அவ இப்பிடித் தூங்கி நீ எப்ப பாத்த?"

அப்போதுதான் நிஜமாகவே கரண்ட் போனது. தெரு முழுக்க மின்விசிறிகள் ஓய்ந்தன. துர்கா எழுந்து பெட்டியைப் போட்டாள். ஒரு சத்தமும் இல்லாமல் தறிமேல் வெளிச்சம் விழுந்தது.

எதிர்ச் சாரியில் நின்ற ஆட்டோவுக்கு அடியிலிருந்து ஒரு செம்பட்டை நாய் எழுந்தது. விக்னேஷ் வண்டி வந்தால் முன்னால் ஓடிவருகிற தெரு நாய். அவன் போனதிலிருந்து இந்த வீட்டுப் பக்கம் வராதது. காதை நிமிர்த்திக்கொண்டு நேராகத் தெருவைக் கடந்து வந்தது. வாசற்படியில் முன்னங்கால்களை வைத்தது. உள்ளே பெட்டி இருந்த மூலையைப் பார்த்து வாலை ஆட்டியது.

துர்காவுக்கு உடனே புரிந்தது.

"சத்தம் நிக்கலப்பா. துடிப்பக் கூட்டினதுல நம்ம காதுக்கு எட்டாத உசரத்துக்குப் போயிடுச்சு. நாய்க்குக் கேக்கும்."

வீரபாகு நாயையே பார்த்தார். "நமக்குக் கேட்டப்பவும் அதுக்குக் கேட்டிருக்குமே," என்றார். "அப்ப ஒரு வாட்டியும் வரலியேம்மா."

மனுஷக் காதின் எல்லை துர்காவுக்குத் தெரியும், நாய்க் காதின் எல்லை தெரியும். இது எந்தப் பாடத்திலும் இல்லை.

அப்பா தறிக்குழியில் இறங்கினார். பிறகு நாடா ஓடியது, பலகை அடித்தது, மறுபடி ஓடியது.

தறிச் சத்தத்தில் அம்மா விழித்து எழுந்து வந்தாள். நாயைப் பார்த்தாள். அது பார்க்கிற மூலையையும் பார்த்தாள்.

"இது எதுக்கு வந்துச்சு?"

அப்பா நாடாவை ஓட்டிக்கொண்டே இருந்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய், ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்தாள். நாய் குனியவில்லை. கரண்ட் வந்து துர்கா பெட்டியை நிறுத்தும்வரை அது அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றது.