மாற்ற வராதவர்கள்

சுந்தரராமனின் ஆய்வுத் தலைப்பு மூன்று வரி நீளம். மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் தொடங்கி, நுகர்வோர் மனப்பான்மையின் பன்முகப் பரிமாணங்கள் வழியாக ஊர்ந்து, 'சென்னை மாநகரைச் சிறப்பாகக் கருத்தில் கொண்டு' என்ற இடத்தில் போய் மூச்சு வாங்கும். வணிகவியல் ஆய்வுகள் எல்லாம் கடைசியில் வந்து இறங்குகிற நிறுத்தம் அதுதான்.

ருக்சாரின் தலைப்பு ஒரே வரி. 'வாங்கிய புடவையை மாற்ற வருகிறவர்கள்: தியாகராய நகர்க் கடைகளில் ஓர் ஆய்வு.'

அதைப் பார்த்ததும் சுந்தரராமனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இருவருக்கும் நெறியாளரான கல்யாணராமன், அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு, "அட" என்றார். அதோடு சிரிப்பு நின்றது. இவருடைய மூன்று வரியைப் படித்தபோது அவர் சொன்னது, "இன்னும் கொஞ்சம் வெயிட் சேருங்க." இரண்டாவது 'பன்முக' அதற்குப் பிறகு சேர்ந்ததுதான்.

சுந்தரராமனுக்கு நாற்பத்தேழு வயது. அடையாறில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் துறைத் தலைவர். அப்படித்தான் சொல்லிக்கொள்வார். அறைக்கதவில் அதே பெயர்ப்பலகையில், அதே அளவு எழுத்தில், 'பொறுப்பு' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அந்தச் சொல்லை நிர்வாகம் ஆறு வருடங்களாக எடுக்கவில்லை. முனைவர் பட்டத்துக்கு வழியில்லாதவர் தலைவராக நீடிக்க முடியாது என்று போன வருடம் சுற்றறிக்கை வந்தது. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஆய்வுத்திட்டம் குழுவில் தேறினால் 'பொறுப்பு' போகும். தேறாவிட்டால் பலகையே போகும். பக்கத்து அறையில், பட்டம் வாங்கிவிட்ட ஒரு இளைஞன் ஏற்கெனவே அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் நடையைக் குறைத்துக்கொண்டு போகிறான்.

ருக்சாருக்கு அந்த மாதிரி எதுவும் கழுத்தில் தொங்கவில்லை. ஜாம்பஜாரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற முழுநேர ஆய்வாளர். வயது இருபத்தாறு. கல்லூரியில் படிக்கும்போது தீபாவளி சீசனில் தி.நகர் துணிக்கடை ஒன்றில் பில் போட்டிருக்கிறாள். கடையின் பின்பக்கம், மாடிப்படி முடிகிற இடத்தில், புடவை மாற்றித் தருகிற கவுன்டர் இருந்ததாம். அங்கே வருகிற எந்தப் பெண்ணும் புடவை பிடிக்கவில்லை என்று சொன்னதே இல்லையாம். பார்டர் வெளுத்திருக்கிறது, ஒரு இழை நிற்கிறது, பிளவுஸ் துணி குறைகிறது என்று குற்றத்தைப் புடவைமேல் போடுவார்கள், எடுத்துத் தந்த மனிதரைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஏன் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

இவ்வளவுதான். இதற்குப் போய் 'அட'.

ஆய்வுத்திட்டம் எழுதுவது என்பது 'இடைவெளி' கண்டுபிடிப்பது. இதுவரை யாரும் தொடாத ஒரு சந்து எங்கே இருக்கிறது என்று முந்தைய ஆய்வுகளுக்கு நடுவே தேட வேண்டும். சனிக்கிழமை மாலை பாண்டி பஜாரில் கார் நிறுத்த இடம் தேடுவதற்கு ஒப்பான காரியம். சுந்தரராமன் கோட்டூர்புரம் நூலகத்தின் ஏசியில் பல மாதங்கள் தேடினார். கட்டுரைகளின் சுருக்கத்தை மட்டும் படித்தார். சில நாள் சுருக்கத்திலேயே தூங்கினார். எழுந்து பார்த்தால் நாலு மேஜை தள்ளி ருக்சார் எதையோ தட்டிக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம்தான். பிறகு பையை மாட்டிக்கொண்டு, "கடைக்குப் போறேன் சார்" என்று கிளம்பிவிடுவாள். ஆய்வு என்ற பெயரில் புடவைக்கடைக்குப் போக அனுமதி இருக்கிறது என்பதே அவருக்குத் தாங்கவில்லை. அவளுடைய வரைவு நெறியாளரிடமிருந்து திரும்பி வரும்போது சிவப்பு மையைக் காணோம். இவருடையது மாரியம்மன் கோயில் சுவர்போலத் திரும்பியது. வராந்தாவில் எதிர்ப்பட்டால் கல்யாணராமன் அவளிடம் நின்று பேசுவார். இவரிடம், "ஆகட்டும், ஆகட்டும்" என்று நடந்துகொண்டே சொல்வார்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வுத்திட்டத்தை முன்வைத்த பிறகு, குழுத் தலைவர் மற்ற ஆய்வாளர்களைப் பார்த்து, யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் ஆய்வில் விஷயமில்லை என்று அர்த்தமாகிவிடும். அதனால் எல்லோரும் முன்கூட்டியே தங்களுக்கான கேள்வியைத் தாங்களே எழுதி, பதிலையும் பாடம் பண்ணிவிட்டு, கேள்வியை மட்டும் நண்பரிடம் கொடுத்து வைப்பார்கள். நண்பர் சந்தேகம் வந்தவர்போலக் கையைத் தூக்குவார். குழுவுக்கும் இது தெரியும், அவர்களும் இப்படித்தான் பட்டம் வாங்கினார்கள்.

சுந்தரராமனும் ருக்சாரும் கேள்விகளை மாற்றிக்கொண்டார்கள். அவள் வாட்ஸாப்பில் அனுப்பியது, 'ஏன் மூன்று கடைகள் மட்டும்?' அவ்வளவுதான். இவர் அவளுக்குக் கொடுத்தது தட்டச்சு செய்த அரைப்பக்கம்.

குழு கூடுவதற்கு முந்தின நாள் சுந்தரராமன் அவளுடைய திட்டத்தை உட்கார்ந்து படித்தார். தன் ஆய்வுக்காகக்கூட அவர் எதையும் அப்படிப் படித்ததில்லை. அடிக்குறிப்பு, அட்டவணை, நன்றியுரை வரைக்கும் படித்தார். எங்கேயாவது ஒரு ஓட்டை இருந்தே ஆக வேண்டும் என்ற வைராக்கியம். மூன்றாம் முறை படிக்கும்போது அது கிடைத்தது. அன்றைக்குச் சாப்பாடு ரொம்ப ருசியாக இருந்தது என்று மனைவி வைதேகியிடம் சொன்னார். வைதேகிக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

மறுநாள் குழுத் தலைவராக வந்தவர் தங்கவேல், வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓய்வு பெற்ற பேராசிரியர். சமோசாவைத் தொடாமல் பேச்சைக் கேட்கிற விபரீதமான மனிதர். ருக்சார் முதலில் பேசினாள். பேசி முடித்ததும் தங்கவேல் சபையைப் பார்த்தார். சுந்தரராமன் கையைத் தூக்கினார். மூன்று கடைக்கான பதிலை மனசுக்குள் தயாராக வைத்துக்கொண்டு ருக்சார் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

"மாற்ற வருகிறவர்களை மட்டும் கேட்கிறீர்கள்" என்று ஆரம்பித்தார் சுந்தரராமன். "பிடிக்காத புடவையோடு கடைக்கு வராமலே இருப்பவர்கள்? வாங்கி, பீரோவுக்குள் வைத்து, அப்படியே விட்டுவிட்டவர்கள்? அவர்கள்தான் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் அது எப்படிச் செல்லும்?"

கல்யாணராமன் இவரை முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

ருக்சார் கொஞ்சம் யோசித்தாள். "தெரியல சார்" என்றாள். "நான் கவுன்டர்ல நின்னுதான் யோசிச்சேன். வராதவங்கள எங்க போய்த் தேடறதுன்னு எனக்குத் தெரியல."

சுந்தரராமன் உட்கார்ந்தார். தெரியவில்லை என்று குழுவின் முன்னால் ஒருத்தி சொல்லிவிட்டாள். கதை முடிந்தது. ஆனால் தங்கவேல் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதுவரை நாற்பது குழுக்களில் உட்கார்ந்திருப்பதாகவும் ஓர் ஆய்வாளர் தெரியாது என்று சொல்லிக் கேட்பது இதுதான் முதல்முறை என்றும் சொன்னார். ஆய்வின் வரம்பை அந்தப் பெண் நேர்மையாக ஒப்புக்கொண்டதாகக் குறிப்பில் எழுதச் சொன்னார். திட்டம் தேறியது. அவளைக் கவிழ்க்கத் தள்ளிய கல்லை அவள் படியாக்கி ஏறிப் போய்விட்டாள், அதுவும் இவரே தூக்கிக் கொடுத்த கல்.

மதிய இடைவேளையில் தயிர்சாதப் பொட்டலத்தோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என் கேள்விய ஏன் சார் கேக்கல?"

மறந்துவிட்டதாகச் சொன்னார்.

"நாலு வார்த்த சார் அது."

இவர் ஊறுகாயைக் கவனித்தார்.

"பரவால்ல. நீங்க கேட்டது செம கேள்வி. நேத்தே சொல்லியிருந்தா நானே எழுதியிருப்பேன்." எழுந்து கை கழுவப் போகும்போது சொன்னாள். "உங்க கேள்வி எங்கிட்ட பத்திரமா கீது சார். கவலப்படாதீங்க."

அதன் பிறகு சுந்தரராமனுக்குச் சாதம் இறங்கவில்லை. பத்திரமாக என்றால் என்ன அர்த்தம்? என்ன கேட்டு மானத்தை வாங்கப்போகிறாள்? அவர் கட்டுரைகளின் சுருக்கத்தை மட்டும் படித்ததை நாலு மேஜை தள்ளியிருந்து பார்த்தவள் அவள். பிற்பகலில் மேடையேறியபோது தன் மூன்று வரித் தலைப்பே அவருக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.

ருக்சார் கையைத் தூக்கினாள். எழுந்து, அவர் கொடுத்த அரைப்பக்கத்தை ஒரு எழுத்து மாற்றாமல் படித்தாள். நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்தினாள். வேறு எதுவும் செய்யவில்லை. கோபப்பட்டுக் குத்தியிருந்தால் சுந்தரராமன் அவளை மன்னித்திருப்பார். பெருந்தன்மையாக நடந்துகொண்டதை எப்படி மன்னிப்பது?

பதிலை அருவிபோலக் கொட்டினார். குழுவினர் தலையாட்டினார்கள். தங்கவேல் மட்டும் ஆட்டவில்லை.

"நல்லாச் சொன்னீங்க. இந்த ஆய்வு முடிஞ்சா என்ன கெடைக்கும்கிறதும் உங்களுக்கு இப்பவே தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியாதது எது?"

சுந்தரராமன் பன்முகப் பரிமாணங்களைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார்.

"அதெல்லாம் தெரிஞ்சதுங்க. தெரியாததைக் கேட்டேன்."

தெரியாதது என்று எதுவும் அகப்படவில்லை. கல்லூரியில் இருபது வருடங்களாகப் பாடம் நடத்தியவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? பிறகு தங்கவேலே இரக்கப்பட்டு, காலையில் ஒரு கேள்வி கேட்டீர்களே, அதற்கு உங்களுக்குப் பதில் தெரியுமா என்றார். தெரியாது என்று சுந்தரராமன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அப்ப அதைப் பண்ணுங்க."

குழுவின் முடிவு கையெழுத்தாகி வந்தது. தலைப்பை மாற்றினால் பதிவு உறுதி. மாற்றாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம். சுந்தரராமன் கதவில் இருக்கும் பலகையை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் கீழே இருந்த வரியைப் படித்தார். 'செல்வி ருக்சாரின் ஆய்வுக்குத் துணை ஆய்வாக.' இனி அவர் எழுதப்போகிற ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவளுடைய பெயரை மேற்கோள் காட்ட வேண்டும்.

வணிகவியல் ஆய்வுகளில் முதல் விடைத்தாள்கள் சொந்தக்காரர்களுடையவை. யாரும் எழுதி வைக்காத விதி. அத்தை, மைத்துனி, மாடி வீட்டுக்காரர் என்று ஆரம்பித்துத்தான் சென்னை மாநகருக்குள் நுழைவது. அதன்படி சுந்தரராமன் மயிலாப்பூர் ஃபிளாட்டில், சாப்பாட்டு மேஜையில் வைதேகியை உட்கார வைத்து எதிரே பென்சிலோடு உட்கார்ந்தார். வைதேகி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் என்றால் அவளுக்கு இயல்பாகவே மரியாதை உண்டு.

உங்களுக்குப் பரிசாக வந்த புடவைகளில் பிடிக்காதவை உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். எல்லாமே பிடித்ததா என்றார். எல்லாமே என்றாள். இவர் குறித்துக்கொண்டார். இப்படியே போனால் ஒரே வாரத்தில் ஆய்வு முடிந்துவிடும் என்று தோன்றியது. ஆய்வாளர் என்ற புதிய கர்வத்தில், எழுதி வைத்திராத ஒரு கேள்வியைக் கேட்டார். கல்யாண நாளுக்கு வருடா வருடம் நான் எடுத்துத் தந்ததில் நீ கட்டிக்கொண்டு பார்த்ததாக ஒன்றிரண்டுதானே ஞாபகம் வருகிறது, மற்றதெல்லாம் எங்கே?

வைதேகி அவருடைய பென்சிலைப் பார்த்தாள்.

"கேக்கறது யாருன்னு ஒண்ணு இருக்கோன்னோ" என்றாள். "உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு இருக்காளே, ருக்சார், அவளை ஆத்துக்கு வரச் சொல்லுங்கோ. சொல்றேன்."

"ஆய்வு என்னுது."

"புடவை என்னுது."

இரண்டு நாள் வீம்பாக இருந்து பார்த்தார். அத்தையிடம் கேட்டார். எல்லாமே பிடித்திருக்கிறது என்றாள் அத்தை. மைத்துனியும் அதையே சொன்னாள். சென்னை மாநகரில் புடவை பிடிக்காத பெண் ஒருத்திகூட இல்லை என்பது இவருடைய முதல் கண்டுபிடிப்பாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. கடைசியில் ருக்சாருக்குப் போன் செய்தார். எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை, எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டாள். அதுவும் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வைதேகி அவளைக் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுந்தரராமனிடம் காபி போடச் சொன்னாள். காபியைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைக்கச் சொன்னாள். உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் பேச்சு. பிறகு வைதேகி சிரித்தாள். கணக்கு டீச்சர் சிரிப்பு இல்லை அது. இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் கேட்டிராத, மூச்சு முட்டுகிற, நடுவில் நிறுத்த முடியாத சிரிப்பு. "ஐயோ மேடம், இதுவா?" என்று ருக்சாரின் குரல். மறுபடி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சுந்தரராமன் ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு நெறியாளரின் 'அட' கிடைத்ததைப் பொறுத்தாயிற்று. தங்கவேலின் பாராட்டையும் பொறுத்தாயிற்று. இந்தச் சிரிப்பு எப்படி அவளுக்குக் கிடைக்கலாம்? வீட்டுக்குள் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கதவு திறந்து ருக்சார் வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. மேடம் சூப்பர் சார் என்றாள்.

என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"அது சொல்லக் கூடாதுல்ல சார். சொன்னவங்க பேரு வெளில வராதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். மொத்தமா எல்லாரோடதும் சேத்து, யாருன்னு தெரியாத மாதிரி உங்களுக்கு அனுப்பறேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, எத்தனை புடவை என்றாவது சொல்லேன் என்று தணிந்த குரலில் கேட்டுப் பார்த்தார்.

ருக்சார் உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நிறைய சார்."

அவள் ஸ்கூட்டி சத்தம் தெருமுனை திரும்பும்வரை சுந்தரராமன் வாசலிலேயே நின்றார். உள்ளே பீரோவைப் பூட்டிக்கொண்டே வைதேகி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியில் ஏதும் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம், காபி போட ஆள் வேண்டும் என்றாள்.

"மறுபடியும் வராளா?"

"பின்ன? கீழ்த்தட்டு ரெண்டும் அப்படியே இருக்கே."