செல்லாயி பலா

மூன்று வாரமாகச் சாரத்தில் ஏறி நின்று, கழுத்து ஒடிய ஒடிய வரைந்த படம். கீழே நின்றுகொண்டு வெற்றிலையைக் குதப்பியபடி ஒருத்தர், "டீச்சர், அந்தப் பொம்பளைங்கள மட்டும் அழிச்சிடுங்க" என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? மாலதிக்கும் வந்தது.

சொன்னவர் மண்டபத்துக்காரர் பொன்னுரங்கம். அண்ணாகிராமத்துப் பக்கம் அவருக்கு ஒரு பலாத்தோப்பு இருந்தது. 'தானே' புயல் அதை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார், அதையும் சொல்ல வேண்டும். புதுக் கல்யாண மண்டபத்தின் சுவர் முழுக்க அந்தத் தோப்பை வரைந்துகொடுக்க மாலதியைக் கூப்பிட்டார். தோப்பை ஒட்டிய காலனியில் பிறந்து, டிராயிங் டீச்சரானவள் அவள்.

அவள் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். தோப்பு ஒரு காலத்தில் வெறும் செம்மண் மேடு. கெடிலம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகக் குடம் சுமந்து, அங்கே பலாக்கன்றுகளைப் பிழைக்க வைத்தவர்கள் காலனிப் பெண்கள். எந்தக் கன்றுக்கு எவள் தண்ணீர் ஊற்றினாளோ அந்த மரத்துக்கு அவள் பெயர். அந்த ஊர் வழக்கம் அப்படி. மாலதியின் கொள்ளுப்பாட்டி செல்லாயியும் அதில் ஒருத்தி. அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. இந்தச் சுவரிலாவது குடத்தோடு நிற்கட்டுமே என்றுதான் இத்தனை பாடு.

"அவுங்க இல்லன்னா தோப்பே இல்ல சார்."

"அட, எங்க தாத்தா வச்ச தோப்பும்மா அது! கல்யாணத்துக்கு வர்றவங்க சீனரி பாப்பாங்களா, தண்ணி தூக்குறவங்களப் பாப்பாங்களா? அழிக்கலன்னா சொல்லிடுங்க, மொத்தமா வெள்ளையடிச்சிடுறேன்."

மரங்களாவது மிஞ்சட்டும் என்று அழித்தாள். செம்மண் நிறத்தைக் குழைத்து ஒவ்வொருத்தியாக மூடினாள். செல்லாயியைக் கடைசியில் மூடினாள். 'தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் சம்பந்தி வீட்டாரை அழைத்து வந்தார் பொன்னுரங்கம். வாயெல்லாம் பல்.

"இது சின்னம்மா பலா. அது சௌந்தரம் பலா. தோ, நடுவுல இருக்கே, செல்லாயி பலா. சுளை தேனுங்க, தேனு!"

அழிக்கச் சொன்ன அதே வாய்!

"செல்லாயி யாரு, உங்க ஆத்தாவா?" என்று கேட்டாள் சம்பந்தியம்மாள்.

"சேச்சே, அது சும்மா மரத்து பேருங்க."

சின்ன பிரஷ்ஷால் இலைகளைத் திருத்திக்கொண்டிருந்த மாலதி நிமிர்ந்து பார்த்தாள். அவரோ குஷியாகத் திரும்பி, "பிரமாதம் டீச்சர்! ஓரமா உங்க பேரப் போட்டுக்குங்க" என்றார்.

மாலதி சின்ன பிரஷ்ஷை வைத்துவிட்டுப் பெரியதை எடுத்தாள். ஓரத்துக்குப் போகவில்லை. நடு மரத்தடியில், செல்லாயி நின்றிருந்த இடத்தில், முழ உயரத்துக்கு வெள்ளை எழுத்தில் எழுதினாள்: செல்லாயி கொள்ளுப்பேத்தி மாலதி.

"என்னம்மா இது?" பொன்னுரங்கத்தின் முகம் சுண்டிப்போனது.

"சும்மா மரத்து பேருதான சார்," என்றாள் மாலதி. "இருந்துட்டுப் போவட்டும்."