காலடியில் ஈரம்

மிதியடி மறுபடியும் நனைந்திருந்தது. காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை, அதன் காலடியில் கிடக்கும் ரப்பர் மிதியடி. மருமகள் அதைத் தூக்கிப் பார்த்தாள். அடியிலிருந்த கார்பெட் இரண்டு கை அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது. தண்ணீர் பாட்டில் பின்னிருக்கையில் மூடி இறுக்கியபடி இருந்தது. ஜன்னல்களெல்லாம் ஏற்றியே இருந்தன. பிறகு இத்தனை ஈரம் எங்கிருந்து வந்தது?

அந்த இருக்கையில் உட்காருபவர் ஒருவர்தான், அவளுடைய மாமனார்.

கணவன் வந்து எட்டிப் பார்த்தான். சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டான்.

"அப்பாவுக்கு புராஸ்டேட் ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தானே ஆச்சு. கொஞ்ச நாளைக்குச் சிறுநீரை அடக்க முடியாம போகும்னு டாக்டர் சொன்னாரில்ல."

"சொன்னார்தான்."

"அவர்கிட்ட ஒண்ணும் கேட்டு வைக்காத. கூனிக் குறுகிப் போயிடுவார்."

அவள் கேட்கவில்லை. மறுநாள் மாலை அந்த இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் தடித்த துண்டு ஒன்றைப் போட்டாள். "வெயில்ல சீட்டு சுடுது மாமா" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. மாமா துண்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மேகம் போட்டிருந்தது. "சரிம்மா" என்று உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். ஏறுகிற ஆளுக்குப் பதவி உயர்வா, திட்டா என்று இரண்டு மாடிக்குள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். துண்டு எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தன் செருப்பு நனைவதை அவரும்தான் கவனித்திருந்தார். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் ஈரம் இருக்கிறது. தனக்குத் தெரியாமலே போகிறது போல என்று அவரே முடிவு கட்டிவிட்டார். காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தார். அப்படியும் ஈரம் நிற்கவில்லை.

அடுத்த நாள், "முட்டி வலிக்குது. நீ மட்டும் போய்ட்டு வாம்மா" என்றார்.

அவர்கள் தினமும் போனது மறுவாழ்வு மையத்துக்கு, காரில் இருபத்தைந்து நிமிட தூரம். இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து, அத்தை அங்கே நடை பழகிக்கொண்டிருந்தாள். பிசியோதெரபிஸ்ட் எவ்வளவு கெஞ்சினாலும் நாலடி வைத்து உட்கார்ந்துவிடுவாள். மாமா பக்கத்தில் நின்றால்தான் நடப்பாள். அவர் அடிகளை எண்ணமாட்டார், மாடிகளை அறிவிப்பார். "மூணாவது மாடி, கணக்குப் பிரிவு, இறங்குறவங்க இறங்கலாம். நாலாவது மாடி, இங்க இறங்க யாருமே இல்ல, எல்லாம் டீ குடிக்கப் போயிட்டாங்க." அத்தை சிரித்துக்கொண்டே அடுத்த அடியை வைத்துவிடுவாள். பன்னிரண்டு வரைக்கும் வந்திருந்தாள். வராந்தாவின் அந்தக் கோடி வரை, இருபத்துநாலு அடி, தானாக நடந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தாள்.

மாமா வராமல் போக, அத்தை படுத்துக்கொண்டாள்.

"முட்டி வலியா? முப்பது வருஷம் நின்னுக்கிட்டே வேலை பார்த்த மனுஷனுக்கா?" என்றாள் மருமகளிடம். "நான் ஏதாவது சொல்லிட்டேனா?"

"அதெல்லாம் இல்ல அத்தை. எழுந்து ரெண்டடி வைங்க."

"ஓட்டுற ஆள் இல்லாம லிஃப்ட் எப்படிப் போகும்?"

இப்படி ஐந்து நாள் போயிற்று. பன்னிரண்டு அடி மூன்றடியாகச் சுருங்கிவிட்டது. வீட்டில் மாமா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள், மையத்தின் போர்ட்டிகோவில் காரை நிறுத்திவிட்டு இறங்கியபோது காவலாளி துடைப்பமும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"கார் நிக்கிற இடத்துக்கு வழவழன்னு டைல்ஸ் போட்ட புண்ணியவானைச் சொல்லணும் மேடம். வர்ற வண்டியெல்லாம் அடியில ஒரு குட்டை கட்டிட்டுப் போகுது. கேட்டா ஏசித் தண்ணின்றாங்க. உங்க வண்டி ஒண்ணுதான் நல்ல வளர்ப்பு. ஒரு சொட்டு விடாது."

அவள் சிரித்துவிட்டு நடந்தாள். மூன்றாவது படியில் நின்றாள்.

அவளும் வழி முழுக்க ஏசி போட்டுத்தான் வந்தாள். எல்லாக் காரும் விடுகிற தண்ணீரை அவள் கார் எங்கே விடுகிறது?

திரும்பி வந்து, ஐந்து நாளாகத் திறக்காத அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். துண்டைத் தொட்டாள். மடிப்புக் கலையாமல், காய்ந்து, தூசி படிந்திருந்தது. குனிந்து கார்பெட்டை அழுத்தினாள். விரலிடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது. முகர்ந்து பார்த்தாள். ரப்பர் வாடையும் மண் வாடையும்தான் வந்தன. முதல் நாளே இப்படி முகர்ந்திருந்தால் அன்றே விஷயம் முடிந்திருக்கும். மாமாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து வீடே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மாமாவிடம் போய், "மெக்கானிக்கிட்ட போறேன், கூட வாங்க" என்றாள்.

"நான் எதுக்கும்மா?"

"அந்த சீட்டு கீழ ஈரமா இருக்கு மாமா. யாருமே உட்காராம."

மாமா பேப்பரை மடித்தார். "யாருமே உட்காராமயா?"

"அஞ்சு நாளா."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வழியில் அவள் ஏசியை முழு வேகத்தில் வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் மெல்ல ஆரம்பித்தாள்.

"மாமா, அந்தத் துண்டு..."

"துண்டு நல்ல துண்டும்மா. எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சே, உன்னை என்ன சொல்ல?"

மெக்கானிக் அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில்தான் மூக்குக் கண்ணாடி வாங்கியிருந்தான். அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விஷயத்தைக் கேட்டான். மாமா ஓரமாக நின்றார். மெக்கானிக் அவள் பக்கம் திரும்பினான்.

"தினம் லென்ஸ் மேல ஊதித் துடைக்கிறீங்களே அக்கா, ஊதினா ஏன் பனி பிடிக்குது?"

"மூச்சுல ஈரம் இருக்கு. கண்ணாடி குளிர்ச்சியா இருக்கு."

"அதேதான் இங்கயும். இந்த டேஷ்போர்டுக்குள்ள ஏசியோட குளிர்ந்த கம்பிச்சுருள் இருக்கு. காத்து அது மேல பட்டுத்தான் உள்ள வருது. காத்துல இருக்கிற ஈரமெல்லாம் அந்தச் சுருள்ல முத்து முத்தா ஒட்டும், ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளர் வேர்க்கிற மாதிரி. சொட்டுற தண்ணி ஒரு தட்டுல சேரும். தட்டுலேர்ந்து ஒரு ரப்பர் குழாய், விரல் தடிமன்தான் இருக்கும், வண்டிக்கு அடியில போகுது. அது அடைச்சா தட்டு ரொம்பும். ரொம்பினா எங்க வழியும்? பக்கத்து சீட்டு காலடியில."

"அதுல யார் உட்கார்ந்தாலும்?" என்றார் மாமா.

"யார் உட்கார்ந்தாலும் ஐயா, உட்காராட்டியும். வண்டிக்கு ஆள் யாருன்னு தெரியவா போகுது?"

எஞ்சினை அணைத்துவிட்டு, அவன் காரை ஜாக்கியில் தூக்கி, இரும்புத் தாங்கிகளை முட்டுக் கொடுத்தான். புல் வெட்டும் மெஷினில் போடுவார்களே, அந்த நைலான் கம்பியில் ஒரு முழம் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தான். இரும்புக் கம்பி விட்டால் உள்ளே எதையாவது குத்திவிடும் என்று படுத்தபடியே விளக்கினான். குழாயின் வாயில் குளவி ஒன்று மண் குழைத்துக் கூடு கட்டியிருந்தது. கம்பியை மெல்லத் திருகித் திருகி விட்டான். மண்கட்டி உதிர்ந்தது. அதன் பின்னாலேயே தேங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் கொட்டியது. எழுந்து வந்தபோது அவன் சட்டை நெஞ்சிலிருந்து இடுப்பு வரை நனைந்திருந்தது.

மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். "பரவாயில்லப்பா. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

மெக்கானிக்குக் காரணம் புரியவில்லை. மருமகளுக்குப் புரிந்து, சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். "குடிக்கத் தண்ணி இருக்காப்பா?" என்று கேட்டு, ஒரு சொம்பு தண்ணீரை வாயெடுக்காமல் குடித்தார்.

கார்பெட்டைத் தூக்கிக் கட்டி, கதவுகளைத் திறந்துபோட்டு மதியம் வரை வெயிலில் காயவிட்டார்கள். மாலையில் மாமா துண்டில்லாத இருக்கையில் உட்கார்ந்து போனார். போர்ட்டிகோவில் இறங்கியதும் குனிந்து பார்த்தார். காருக்கு அடியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"உங்க வண்டியும் கெட்டுப் போச்சா?" என்றார் காவலாளி, துடைப்பத்தை எடுத்தபடி.

"இப்பதாங்க சரியாச்சு" என்றார் மாமா.

அத்தை அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் கையை நீட்டினாள். அவர் பிடித்து எழுப்பினார்.

"ஒண்ணாவது மாடி. ரெண்டாவது மாடி."

"ஏங்க, அஞ்சு நாளா எங்க போனீங்க?"

"லிஃப்ட் ரிப்பேர். மூணாவது மாடி, கணக்குப் பிரிவு." துண்டிலிருந்து குளவி வரை ஒவ்வொரு மாடிக்கும் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்பதாவது மாடியில் அத்தை நின்று அவரை முறைத்தாள். பதினொன்றில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினான்காவது அடி வைத்தபோது, "உங்க கட்டடத்துல பன்னெண்டு மாடிதானே?" என்றாள்.

"இப்ப புதுசா கட்டுறாங்க. நட."

"அப்போ அடுத்த தடவை ஈரமானா, அது ஏசித் தண்ணின்னு எப்படித் தெரியும்?"

"ரொம்பச் சுலபம். ஏசி ஓடினா காருக்கு அடியில தண்ணி சொட்டணும். வெளியில சொட்டாம உள்ள நனைஞ்சா, குழாய் அடைச்சிருக்குன்னு அர்த்தம். கீழேயிருந்து நைலான் கம்பியை விட்டு அடைப்பை எடுத்தா போதும். பதினஞ்சாவது மாடி."