வாந்தி எடுத்தவன் பெயர்

மானத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். ராயபுரத்தில் அதன் விலை மாதம் இருபத்திரண்டாயிரம் ரூபாய், சாப்பாடு தனி. வாங்கியவன் நான். விலை கொடுத்தவன் என் மனைவி ஜெரினாவின் தம்பி அப்சல்.

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் மளிகையும் அனுப்புவது எங்கள் குடும்ப வியாபாரம். சரக்கைக் கொண்டுபோகும் லாஞ்ச் படகு ரகுபதியுடையது. கூடவே போய், கயிற்றேணியில் ஏறி, கப்பல் சமையல்காரரிடம் கையெழுத்து வாங்கி வர ரகுபதிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது; சம்பளம் இருபத்திரண்டாயிரம், சாப்பாடு தனி. அந்த வேலையை அப்சல் கேட்டான். நான் சிரித்தேன்.

சிரிக்காமல் என்ன செய்வது? தண்டையார்பேட்டையில் பஸ் ஏறினால் பாரிமுனை வருவதற்குள் இரண்டு முறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவன். வீட்டில் அவனுக்கு எலுமிச்சம்பழம் என்றே பெயர். வைத்தது நான்தான்.

"டாக்டராண்ட கேட்டேன் மச்சான். காதுக்குள்ள தராசு மாதிரி ஒண்ணு கீதாம். ஆடுதுன்னு அது சொல்லும், ஆடலன்னு கண்ணு சொல்லும். ரெண்டும் ஒத்துப்போகலன்னா வயிறு கலங்கிடும். என்னுது தங்கம் நிறுக்குற தராசு. பொறப்புலயே அப்டி, அம்மாவுக்கும் அப்டித்தான். தூரமா பாத்துகினு நின்னா பழகிடுமாம்."

"அப்ப என்னுது?"

"உங்களுது மூட்டை போடுற தராசு மச்சான். கிலோ கொறஞ்சாலும் அசையாது."

ஒரு மாதம் விடியற்காலையில் மீன்பிடிப் படகுகளில் தொற்றிக்கொண்டு போய்ப் பழகினான். ரகுபதி ஒரே நிபந்தனை வைத்தார்.

"ஒரு ட்ரிப்பு பாப்பேன் பாய். வாந்தி எடுத்தான்னா வேணாம். ஏணில தல சுத்தி உயுந்தா கடலு திருப்பித் தராது."

அந்த ட்ரிப்பில் நானும் ஏறினேன். அப்சலுக்குத் துணை என்று வீட்டில் சொன்னேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

லாஞ்சில் நாங்கள் மூன்று பேர்தான். ரகுபதி முன்னால் கேபினில் சுக்கானைப் பிடித்திருந்தார். அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் ஆட்டம் ஆரம்பித்தது. கேபினுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்ற அப்சல், கடலும் வானமும் சேரும் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஆனால் வாய் மூடியே இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். சரக்கு ஏற்றிய ஆட்கள் தக்காளியில் கை வைத்திருப்பார்களோ என்று சந்தேகம். பின்பக்கம் குந்தி, தலையைக் கவிழ்த்து, பில்லோடு கூடைகளை ஒத்துப் பார்த்தேன். டீசல் வாடை மூக்கில் ஏறியது. கையில் பில் அசையவில்லை, உலகம் அசைந்தது. பதினேழாவது கூடை முட்டைக்கோஸ். அதன்மேலேயே எடுத்தேன். நிமிர்வதற்குள் இன்னொரு தடவை.

அப்சல் ஓடி வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான். "கீழ பாக்காதீங்க மச்சான், தூரமா பாருங்க" என்றான். கேலி ஒரு துளி இல்லை.

கேபினிலிருந்து குரல் வந்தது: "யாருப்பா அது கொமட்டினுகீறது?"

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அப்பா காலத்திலிருந்து கப்பலை வைத்துச் சோறு தின்கிற குடும்பம். சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கச் சிரிக்கும் என்பது மட்டும்தான் அப்போது தெரிந்தது.

"அப்சல்தான்" என்றேன்.

நெற்றியிலிருந்த கை ஒரு நிமிஷம் அப்படியே இருந்தது. பிறகு பழைய துணி எடுத்து முட்டைக்கோஸைத் துடைக்கப் போனான். என் வீட்டில் சாப்பிடுகிறவன், மறுத்துப் பேசுவானா?

"சொன்னேன்ல பாய்! நல்ல புள்ளதான், கடலு ஒத்துக்கல. கரையில எதுனா பாரு நைனா." கப்பலருகே போனபோது ரகுபதி அவனை ஏணியைத் தொடக்கூட விடவில்லை.

திரும்பும்போது மறுபடி எனக்கு வந்தது. அப்போதும் அப்சல்தான் நெற்றியைப் பிடித்தான்.

கரை இறங்கியதும், "நாளைக்கு ரகுபதியாண்ட உண்மையைச் சொல்லிடுறேன்டா" என்றேன்.

"சொல்லுங்க மச்சான். நீங்க சொன்னாத்தான் உண்டு. நான் சொன்னா ஊர்ல எவன் நம்புவான்?"

இப்போது அவன் மணலி புதுநகரில் ஒரு குடோனில் பாதிச் சம்பளத்துக்கு மூட்டை எண்ணுகிறான். பஸ்ஸில்தான் போய் வருகிறான். ரகுபதியோடு நான் தினமும் டீ குடிக்கிறேன். சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். வெங்காயம் என்ன விலை என்று கேட்டு மூடிக்கொள்கிறேன்.

அன்றைய கணக்கு இது. போகும்போது இரண்டு, வரும்போது ஒன்று, ஆக மூன்று வாந்தி. மூன்றும் அப்சல் பெயரில் நிற்கின்றன. என் பெயரில் இன்றுவரை ஒன்றுமில்லை.